1, 2, 3 என்று வரிசைப்படுத்தி ஓட்டுப் போடுவது எப்படி? வேலூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

2014 மக்களவைத் தேர்தலில் வேலூரில் மும்முனைப் போட்டி. அதிமுகவின் செங்குட்டுவன் 3,83,719 வாக்குகள் வாங்கி ஜெயித்தார். பாஜக கூட்டணியில் நின்ற ஏ.சி.சண்முகத்துக்கு 3,24,326. திமுக கூட்டணியில் நின்ற முஸ்லிம் லீக்கின் அப்துல் ரஹ்மானுக்கு 2,05,896. பின்னால் வந்த இருவரின் வாக்கைக் கூட்டினால் 5,30,222 வருகிறது. பூத்துக்கு வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வேறு ஆளைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

ஜெயித்தவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை, விதி அப்படி. பின்னால் வந்த இருவருக்கும் போட்டவர்கள் ஒரே பக்கம் நிற்பவர்கள் அல்ல என்பதும் ஊரறிந்த விஷயம். மூன்றாவது வந்தவரின் இரண்டு லட்சம் பேரைக் கூப்பிட்டு, "உங்கள் ஆள் இல்லை என்று ஆகிவிட்டது, மற்ற இருவரில் யார்?" என்று கேட்டிருந்தால் செங்குட்டுவனே இன்னும் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்திருக்கலாம். தோற்றும் இருக்கலாம். அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் குறை.

விருப்ப வரிசை வாக்கு என்பது அந்தக் கேள்வியை வாக்குச்சீட்டிலேயே கேட்டுவிடுகிற முறை. பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3 என்று எழுதுவீர்கள். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு, அவருடைய சீட்டுகளை அதில் 2 என்று எழுதியிருக்கும் ஆளுக்கு மாற்றுவார்கள். அவ்வளவுதான் முறை. மக்களவைத் தேர்தலுக்கு இது வர வேண்டும் என்பது என் வாதம். இப்போதுதான் முதல்முறை கேள்விப்படுகிறவர் இதை எப்படிக் கற்றுக்கொண்டு, நாலு பேருக்குச் செய்து காட்டி, அப்புறம் எங்கே போய்க் கேட்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் தொகுதிக் கணக்கைக் கையில் எடுங்கள்

எந்தத் தொகுதி என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வேலூர் மக்களவைத் தொகுதியில் வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும். காட்பாடிக்காரர்கள் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் வேலூர்தான். ஆனாலும் அவர்கள் ஓட்டு அரக்கோணம் தொகுதிக்குப் போகிறது. ராணிப்பேட்டை, ஆற்காடு, சோளிங்கர், திருத்தணிக்காரர்களுக்கும் அதே அரக்கோணம்தான்.

தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் படிவம் 20 கிடைக்கும். பூத் வாரியாக யாருக்கு எத்தனை வாக்கு என்ற பட்டியல் அது. உங்கள் பூத்தின் வரியை மட்டும் எடுத்து மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: முதலில் வந்தவரின் வாக்கு, இரண்டாவது வந்தவரின் வாக்கு, மற்ற எல்லோருடையதும் சேர்ந்து எவ்வளவு. முதல் இருவருக்கும் உள்ள வித்தியாசத்தைவிட மூன்றாவது எண் பெரிதாக இருந்தால், உங்கள் பூத்தில் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது என்று அர்த்தம்.

தொகுதி அளவில் இதற்கு 2019 நல்ல பாடம். பணப் பறிமுதல் விவகாரத்தால் ஏப்ரலில் ரத்தான வேலூர்த் தேர்தல் ஆகஸ்ட் 5 அன்று நடந்தது. திமுகவின் கதிர் ஆனந்த் 4,85,340, அதிமுகவின் இரட்டை இலையில் நின்ற ஏ.சி.சண்முகம் 4,77,199. வித்தியாசம் 8,141. இரண்டு பேருமே பாதியைத் தொடவில்லை. நாம் தமிழர் கட்சி வாங்கியது 26,995. நோட்டாவே 9,417.

இந்த மாதிரி முடிவு வந்ததும் டீக்கடையில் என்ன பேச்சு நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். "அவங்க ஓட்டைப் பிரிச்சுட்டாங்க." சின்னக் கட்சிக்குப் போட்டவர் ஏதோ குற்றம் செய்தவர் போல நிற்க வேண்டும். அடுத்த முறை அவரே, "நம்ம ஓட்டு வீணாகிடும்" என்று பயந்து, பிடிக்காத இருவரில் குறைவாகப் பிடிக்காதவருக்குப் போட்டுவிட்டு வருவார். வரிசை முறை இருந்தால் தன் கட்சிக்கு 1, அந்த இருவரில் ஒருவருக்கு 2. மனசும் நிறையும், முடிவிலும் பங்கு இருக்கும். யார் ஓட்டை யார் பிரித்தார்கள் என்ற பஞ்சாயத்துக்கே வேலை இல்லை. இந்த முறைக்கு எத்தனையோ காரணம் சொல்வார்கள். எனக்கு இந்த ஒன்றே போதும்.

இரண்டாவது படி: சீட்டை நிரப்பக் கற்றுக்கொள்ளுங்கள்

முக்கியமான எச்சரிக்கை: இன்றைய மக்களவைத் தேர்தலில் ஒரே பட்டன்தான். கீழே சொல்வதெல்லாம் மாதிரித் தேர்தலுக்கு மட்டும்.

பேருக்கு எதிரே 1 கட்டாயம். 1 இல்லாத சீட்டும், இருவருக்கு 1 போட்ட சீட்டும் செல்லாது. 2, 3 எழுதுவது உங்கள் விருப்பம். 1 எழுதி, 2-ஐ விட்டுவிட்டு 3 எழுதினால், 1 மட்டும் கணக்கில் வரும், அதற்குமேல் அந்தச் சீட்டு நகராது. டிக், பெருக்கல் குறி, கையெழுத்து எதுவும் கூடாது.

குடியரசுத் தலைவர் தேர்தலில் எண்ணை 1, 2, 3 என்றும் எழுதலாம், ரோமன் எண்ணிலும் எழுதலாம், இந்திய மொழி எதன் எண்ணிலும் எழுதலாம். எழுத்தால் "ஒன்று" என்று எழுதினால்தான் செல்லாது. ௧, ௨ என்று தமிழ் எண்ணில் நிரப்பினாலும் செல்லும் என்பது பலருக்குத் தெரியாது. எந்த எம்.எல்.ஏ.வாவது அப்படிப் போட்டிருந்தால் எண்ணியவர்கள் கொஞ்சம் கண்ணாடியைத் துடைத்திருப்பார்கள்.

முதல்முறை செய்கிறவர்கள் தவறாமல் கேட்பது: "2 எழுதினால் என் 1-க்கு இடைஞ்சல் இல்லையா?" இல்லை. உங்கள் 1 போட்டியில் இருக்கும்வரை 2-ஐ யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவர் நீக்கப்பட்ட பிறகுதான் அது உயிர்பெறும்.

மூன்றாவது படி: நீங்களே எண்ணிப் பாருங்கள்

இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிடக் கையால் எண்ணிப் பார்ப்பது சுலபம். தெருச் சங்கம், மகளிர் குழு, கல்லூரி வகுப்பு, எது கிடைத்தாலும் சரி. ஆனால் கட்சிப் பெயர்களை வைத்து நடத்தாதீர்கள். முறையைப் பற்றிய பேச்சு பத்து நிமிடத்தில் ஆளைப் பற்றிய பேச்சாகிவிடும். "வார்டு கவுன்சிலரிடம் முதலில் எதைக் கேட்பது?" என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலை, குடிநீர், கால்வாய், தெருநாய் என நான்கு "வேட்பாளர்கள்". எண்ணுவதற்குப் பழைய பிளாஸ்டிக் டப்பா நான்கும், மாற்ற அடுத்த விருப்பம் இல்லாமல் தீர்ந்துபோன சீட்டுகளுக்கு ஐந்தாவதாக ஒன்றும் போதும்.

60 பேர் போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1 என்ற எண்ணை மட்டும் பார்த்து டப்பாக்களில் பிரித்தால்: சாலை 22, குடிநீர் 17, கால்வாய் 13, தெருநாய் 8. இன்றைய முறைப்படி கதை இங்கேயே முடிந்தது, சாலை ஜெயித்தாகிவிட்டது. 60-ல் 38 பேர் அதை முதலாவதாகக் கேட்கவில்லை என்பது யார் கணக்கிலும் வராது.

வரிசை முறையில் ஜெயிக்க 31 வேண்டும். யாருக்கும் இல்லை. ஆகவே தெருநாய் டப்பாவைத் திறக்கிறோம். அந்த 8 சீட்டுகளில் 5 கால்வாய்க்குப் போகின்றன. கால்வாயில் கொட்டும் குப்பைக்குத்தானே நாய்கள் கூடுகின்றன, ஆகவே ஆச்சரியமில்லை. 2 சாலைக்கு. ஒன்றில் 2 எழுதவே இல்லை, அது ஐந்தாவது டப்பாவுக்கு. இப்போது சாலை 24, கால்வாய் 18, குடிநீர் 17. உயிரோடு இருக்கும் சீட்டு 59, தேவை 30.

இன்னும் யாருக்கும் இல்லை. கடைசியில் நிற்பது குடிநீர். அதன் 17-ல் 11 கால்வாய்க்கு, 4 சாலைக்கு, 2 தீர்ந்தவை. கால்வாய் 29, சாலை 28. உயிருள்ள சீட்டு 57, அதில் பாதிக்கு மேல் என்றால் 29. கால்வாய் ஜெயித்தது.

இந்த இடத்தில் கூட்டத்தில் சத்தம் வரும், வரட்டும். "மூணாவதா வந்தது எப்படி சார் ஜெயிக்கும்?" சாலையும் கால்வாயும் மட்டுமே போட்டி என்று வைத்து, முடிவு சொல்லியிருக்கும் 57 சீட்டுகளையும் மறுபடி எடுத்துக் காட்டுங்கள். 29 பேர் கால்வாயை மேலே வைத்திருக்கிறார்கள், 28 பேர் சாலையை. சாலைக்கு முதல் சுற்றில் ஆள் அதிகம், இரண்டாம் ஆதரவு குறைவு. கால்வாய்க்கு நேர்மாறு. இரண்டில் எது தெருவின் முடிவு என்று அவர்களே வாதாடிக்கொள்ளட்டும்.

முறையின் பலவீனமும் இதே கணக்கில் இருக்கிறது, அதை மறைக்காமல் காட்டிவிடுங்கள். இரண்டாம் சுற்றில் கால்வாய்க்கு 18, குடிநீருக்கு 17. ஒரே ஒரு சீட்டு. அந்தச் சீட்டு மாறியிருந்தால் நீக்கப்பட்டது கால்வாயாக இருந்திருக்கலாம், கடைசியில் குடிநீரே ஜெயித்திருக்கலாம். யார் எந்தச் சுற்றில் விழுகிறார்கள் என்பது முடிவை மாற்றும். இன்றைய முறையைவிட இது மேல் என்றுதான் நான் சொல்கிறேன், குறையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன்.

கடைசி இடத்தில் இருவர் சமமாக நின்றால் என்ன செய்வது என்பதை எண்ணத் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். திருவுளச்சீட்டு என்றால் திருவுளச்சீட்டு. எண்ணிய பிறகு பேசினால் சண்டைதான்.

நான்காவது படி: ஏற்கெனவே எங்கெல்லாம் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

"இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம்" என்று ஒருவராவது சொல்வார். அரசியல் சட்டத்தின் 55-வது பிரிவைக் காட்டுங்கள். குடியரசுத் தலைவரை நம் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் 1, 2, 3 என்று எழுதித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வேலூர் ஊரிசுக் கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணன் 1962-ல் குடியரசுத் தலைவரானதும் இந்த முறைப்படியே.

அதில் இரண்டாம் விருப்பம் வரை போனது 1969 தேர்தல். முதல் எண்ணிக்கையில் வாக்கு மதிப்புப்படி (இந்தத் தேர்தலில் ஒவ்வோர் உறுப்பினரின் வாக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு) வி.வி.கிரிக்கு 4,01,515, நீலம் சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548, சி.டி.தேஷ்முக்குக்கு 1,12,769. ஜெயிக்க 4,18,169 வேண்டும். கிரிக்கு 16,654 குறைந்தது. கீழே இருந்தவர்களை ஒவ்வொருவராக நீக்கிக் கடைசியில் தேஷ்முக்கையும் நீக்கி எண்ணியபோது கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. மாறிய வாக்குகளில் பெரும்பங்கு ரெட்டிக்கே போனது. அவருக்குக் கூடியது 91,879, கிரிக்கு 18,562 மட்டுமே. ஆனாலும் கிரிக்கு அது போதுமானதாக இருந்தது.

மாநிலங்களவைத் தேர்தலும் வரிசை வாக்குதான், ஆனால் அங்கே ஒரே நேரத்தில் பல இடங்களை நிரப்புகிறார்கள். தமிழ்நாட்டில் 6 இடத்துக்குத் தேர்தல் வந்தால் 234 எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போடும்போது ஓர் இடத்துக்கு 34 பேர் வேண்டும் என்று செய்தித்தாள்கள் கணக்குப் போடுவது இதை வைத்துத்தான். மேலவை 1986-ல் கலைக்கப்படும்வரை நம் ஊர்ப் பட்டதாரிகளும் ஆசிரியர்களும்கூட இப்படி ஓட்டுப் போட்டவர்கள்தான். காட்பாடியிலிருந்து சித்தூர் பக்கம் போனால் ஆந்திரத்தில் அது இன்றும் நடக்கிறது. அங்கே சொந்தக்காரர் யாராவது பட்டதாரித் தொகுதி வாக்காளராக இருந்தால் கேட்டுப் பாருங்கள், தேர்தல் அலுவலர் கொடுக்கும் ஊதா நிற ஸ்கெட்ச் பேனாவைப் பற்றிச் சொல்வார். எம்.எல்.ஏ.க்கும் சித்தூர்ப் பட்டதாரிக்கும் வரிசைப்படுத்தத் தெரியும், குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறவருக்குத் தெரியாது என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வெளிநாட்டில் இரண்டைச் சொன்னால் போதும். ஆஸ்திரேலியாவில் 1918-ல் ஸ்வான் தொகுதி இடைத்தேர்தலில் ஒரே பக்கத்து ஓட்டு இரண்டு வேட்பாளர்களுக்கு நடுவே சிதறியதால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாக்கு வாங்கிய தொழிற்கட்சி வேட்பாளர் ஜெயித்தார். அந்த ஆண்டே சட்டத்தை மாற்றினார்கள், இன்றுவரை அதே முறை. இன்னொன்று இலங்கை. அங்கே சீட்டு தமிழிலும் இருக்கும், மூன்று விருப்பம் வரை போடலாம். 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அனுர குமார திசாநாயக்க 56,34,915 வாக்கு, அதாவது 42.31 சதவீதம் வாங்கினார். பாதி இல்லாததால் அந்நாட்டு வரலாற்றில் முதல்முறையாக இரண்டாம் விருப்பத்தை எண்ணினார்கள். முதல் இருவரைத் தவிர எல்லோரையும் ஒரே அடியாக நீக்கிவிடுவது அவர்கள் வழக்கம். திசாநாயக்கவுக்குக் கூடியது 1,05,264, சஜித் பிரேமதாசவுக்கு 1,67,867. மூன்றாவது வந்த ரணில் விக்கிரமசிங்கவுக்கு மட்டுமே 22,99,767 வாக்கு இருந்ததைப் பார்த்தால், பெரும்பாலோர் இரண்டாம் விருப்பத்தைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்று தெரிகிறது. இறுதியில் அறிவித்த 55.89 சதவீதம், மிச்சமிருந்த சீட்டுகளில் எடுத்த கணக்கு. சீட்டில் 2 எழுதுங்கள் என்று சொல்லிக் கொடுக்காமல் முறையை மட்டும் கொண்டுவந்தால் இதுதான் நடக்கும்.

ஐந்தாவது படி: எதிர்க்கேள்விகளுக்குத் தயாராகுங்கள்

படிக்காதவர்கள் என்ன செய்வார்கள்? பழைய கேள்வி. 1949 ஜனவரியில் அரசியல் நிர்ணய சபையில் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் (கட்சி வாங்கும் வாக்குக்கு ஏற்ப இடம் தரும் முறை) பற்றிப் பேச்சு வந்தபோது, வாக்காளருக்கு எண்ணாவது தெரிந்திருக்க வேண்டுமே என்று அம்பேத்கர் மறுத்தார். அன்றைய நிலைமைக்கு அது நியாயமான பதில். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு 80 சதவீதம். செல்போனில் பத்து இலக்க எண்ணை அழுத்துகிறவருக்கு 1, 2, 3 ஒரு பாரமில்லை. மிச்சம் இருப்பவர்களுக்குச் சின்னத்தின் எதிரே துணையோடு குறிக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும்தான்.

கட்சி வாங்கும் வாக்குக்கும் இடத்துக்கும் பொருத்தம் வருமா? வராது. 2014-ல் பாஜக 31 சதவீத வாக்கில் 282 இடம் பெற்றதையும், பகுஜன் சமாஜ் 4 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஓர் இடமும் பெறாததையும் காட்டி, இந்த முறை வந்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். தவறு. ஒரு தொகுதிக்கு ஒரே எம்.பி. என்பது இருக்கும்வரை வரிசை வாக்கு அந்த ஏற்றத்தாழ்வைத் தீர்க்காது. அதற்குப் பல உறுப்பினர் தொகுதிகள் வேண்டும், அது வேறு வழக்கு. இல்லாததை வாக்குறுதியாகக் கொடுக்காதீர்கள்.

ஓட்டுக்குப் பணம்? வேலூரில் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். இது அதற்கு மருந்தல்ல, கவனமில்லாவிட்டால் புதுத் தலைவலியும்கூட. 2019-ல் நம் தொகுதியில் 28 வேட்பாளர்கள். எல்லோரையும் வரிசைப்படுத்தலாம் என்று விட்டால், பணம் கொடுப்பவர், "எனக்கு 1, பன்னிரண்டாவது ஆளுக்கு 2, பத்தொன்பதாவது ஆளுக்கு 3" என்று வீட்டுக்கு ஒரு வரிசை சொல்லி அனுப்பலாம். எண்ணும்போது அவருடைய ஏஜென்ட் அந்த வரிசையைப் பார்த்து யார் வீட்டுச் சீட்டு என்று கண்டுபிடித்துவிடுவார். ஆகவே மூன்று விருப்பத்தோடு நிறுத்த வேண்டும். அதுவும் போதாது. பல பூத்களின் சீட்டுகளைக் கலந்த பிறகே எண்ண வேண்டும். வாக்குச்சீட்டுக் காலத்தில் இதற்கு விதி இருந்தது, புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை.

இயந்திரம் என்னாகும்? இன்றைய இயந்திரம் ஒரு பட்டனுக்கு மேல் ஏற்காது. புது இயந்திரமோ காகிதமோ வேண்டும். முடிவு அன்று மதியத்துக்குள் தெரியாது, ஒருநாள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டிவரும். ஐந்து வருடத்துக்கு எம்.பி.யாக இருக்கப்போகிறவருக்காக ஒருநாள் காத்திருப்பதில் எனக்குச் சிரமம் இல்லை.

ஆறாவது படி: எங்கே கேட்பது, என்ன கேட்பது

"அரசியல் சட்டத்தையே திருத்தணுமே" என்று மலைக்க வேண்டாம். மக்களவை பற்றிய 81-வது பிரிவு, தொகுதிகளிலிருந்து நேரடித் தேர்தலில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறதே தவிர, எண்ணும் முறையைச் சொல்லவில்லை. அதிக வாக்கு பெற்றவர் வென்றவர் என்பது 1961 தேர்தல் நடத்தை விதிகளில் 64-வது விதி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தையும் இந்த விதிகளையும் திருத்தினால் போதும் என்று வாதாட நிறைய இடம் இருக்கிறது. ஆகவே மனுவில் "தேர்தல் சீர்திருத்தம் வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல், மூன்று விருப்பம் வரை குறிக்கும் முறை, பூத்களைக் கலந்து எண்ணுவது, முதலில் சில இடைத்தேர்தல்களில் மட்டும் சோதித்துப் பார்ப்பது என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

மனுவை மக்களவைக்கே கொடுக்கலாம். ஓர் எம்.பி. அதில் எதிர்க்கையெழுத்துப் போட்டு அவையில் வைக்க வேண்டும், வேலூர்க்காரர் வேலூர் எம்.பி.யிடமும் காட்பாடிக்காரர் அரக்கோணம் எம்.பி.யிடமும் போவதுதான் இயல்பு. கையெழுத்திடும் ஒவ்வொருவரின் முழுப் பெயரும் முகவரியும் வேண்டும், எழுதத் தெரியாதவர் கைரேகை வைக்கலாம். தமிழில் எழுதினால் இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பை, அதிலும் கையெழுத்திட்டு, சேர்த்துக் கொடுக்க வேண்டும். கடிதம், பத்திரிகைச் செய்தி என்று வேறு ஆவணம் எதையும் மனுவோடு இணைக்கக் கூடாது. படிவம் 20-லிருந்து எடுத்த உங்கள் பூத்தின் கணக்கும், டப்பா வைத்து எண்ணிய கணக்கும் சொல்ல வேண்டுமென்றால் மனுவின் வாசகத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.